கால ஓடம் கரைசேரும் இடம்
இடைக்காலக் காதற் புனைகதைகளும் மலையக வாசகரும்

காலத்தைக் கடந்து சென்று இடைக்கால அரசவைகளிற் காதல் கொள்ளும் மாந்தரைப் பற்றிய புனைகதைகள் உலக மொழிகள் பலவற்றிலும் பெருவாசிப்புக்கு உரியனவாக உள்ளன. ஆங்கிலத்தில் டயானா கபால்டன் 1991இல் வெளியிட்ட ‘அவுட்லாண்டர்’ இரண்டாம் உலகப் போர் முடிந்த வேளையிலிருந்து 1743ஆம் ஆண்டின் ஸ்கொட்லாந்துக்குத் தள்ளப்படும் தாதி ஒருத்தியின் கதை. அதன் காலம் இடைக்காலத்துக்குப் பிந்தியதாயினும், கோட்டை, குலத்தலைவர், வாள், காதல் என அவ்வகைக் கதைகளின் இலக்கணம் முழுவதையும் அதிற் காணலாம். தமிழில் இத்தகைய எழுத்தைத் தனி வகையாகக் கொண்டு ஆராயும் வழக்கம் குறைவு. அதனை ‘சரித்திரக் கதை’ என்ற பொதுப் பெயருள் அடக்கிவிடுகிறோம். ஆயின் காலப் பயணம் என்ற உத்தி தமிழ்ப் புனைகதைக்குப் புதியதன்று. கால யந்திரம் இல்லாமலே அப்பயணத்தை நிகழ்த்திக் காட்டியவர் கல்கி ஆவார்.

இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா ஒன்றே. இக்கதைகளிற் பயணி எந்தக் காலத்துக்குச் செல்கிறான் என்பதைப் பலரும் கேட்டுள்ளனர். அக்காலம் சரியாகச் சித்திரிக்கப்பட்டுள்ளதா என்றும் ஆராய்ந்துள்ளனர். அவன் அக்காலத்தின் எந்த வாயிலில் இறக்கப்படுகிறான் என்பது போதிய அளவு கேட்கப்படவில்லை. மலையகத்தில், குறிப்பாகக் கினிகத்தேனை போன்றதோர் இடத்தில் இருந்து வாசிப்போர்க்கு இவ்வினா வெறும் இலக்கிய வினா அன்று. அதற்கான காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

1

கல்கியின் மூன்று படைப்புகளை முதலில் நோக்குவோம். 1947இல் வெளிவந்த ‘சோலைமலை இளவரசி’யின் நாயகன் 1942ஆம் ஆண்டுப் போராட்டத்திற் பங்குபற்றித் தலைமறைவானவன். பாழடைந்த கோட்டையொன்றில் ஒதுங்கும் அவனது நினைவு ஏறத்தாழ நூறாண்டுகள் பின்னோக்கிச் செல்கிறது. அங்கே அவன் மாறனேந்தல் அரசன். அவனுக்கு உணவளிக்கும் கிராமத்துப் பெண்ணின் சாயலில் சோலைமலை இளவரசி தோன்றுகிறாள். 1950இல் எழுதப்பட்ட ‘மோகினித் தீவு’ இன்னும் வெளிப்படையானது. உலகப் போரின்போது பர்மாவிலிருந்து கப்பலேறிய ஒருவர், இடைவழியிலே தீவொன்றில் இறங்கி, பண்டைய உடை தரித்த தம்பதியரைச் சந்திக்கிறார். அவர்கள் சோழ இளவரசனும் பாண்டிய இளவரசியும் ஆவர். தம் இரு குலங்களின் பகையையும் தாம் கொண்ட காதலையும் அவர்களே எடுத்துரைக்கின்றனர். 1950 தொடக்கம் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னில் இடைப்பாத்திரம் எதுவும் இல்லை. ஆசிரியர் வாசகரையே நேரடியாகப் படகேற்றி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கொண்டுசெல்கிறார்.

இம்மூன்றிலும் பயணம் தொடங்கும் இடங்கள் அவதானிக்கத்தக்கவை. தலைமறைவு வாழ்க்கை, போர்க்கால அகதிக் கப்பல், குடியேற்ற ஆட்சி நீங்கிச் சில ஆண்டுகளே கழிந்த தமிழ்நாட்டு வாசகனின் வீடு ஆகியனவே அவை. மூன்றும் நெருக்கடியின் அல்லது நிச்சயமின்மையின் களங்கள். ஆதலின் இக்கதைகளை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. நிகழ்காலம் தராத ஒன்றைத் தேடியே மனிதன் கடந்தகாலத்துக்குச் செல்கிறான். அந்தத் தேடல் நியாயமானது.

கரைசேரும் இடத்தைப் பார்த்தால் நிலைமை வேறாகிறது. ‘பொன்னியின் செல்வன்’ அரண்மனையில் தொடங்கவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளவேண்டும். ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில், மகிழ்ந்து திரியும் பொதுமக்கள் நடுவே கதை தொடங்குகிறது. ஆனால் அன்றிரவே வந்தியத்தேவன் கடம்பூர் மாளிகையினுள் இருக்கிறான். ஏரிக்கரை மக்கள் திருவிழாக் கூட்டமாகத் தோன்றி மறைந்துவிடுகின்றனர். அந்த ஏரியை வெட்டியவர் யார், அதன் மதகைக் காத்தவர் யார், அதன் நீர் எவருடைய வயலுக்குப் பாய்ந்தது என்ற வினாக்கள் அவர்களோடு மறைகின்றன.

கல்கி எளிய மக்களைப் படைக்காதவர் அல்லர். படகோட்டும் பூங்குழலி தமிழ்ப் புனைகதையில் மறக்கவொண்ணாத பாத்திரங்களுள் ஒருத்தி. பூமாலை கட்டும் சேந்தன் அமுதனும் அவ்வாறே. எனினும் இவர்களுக்கு நாவல் வழங்கும் முடிவு என்ன? சேந்தன் அமுதன் உண்மையில் அரச குலத்துப் பிள்ளை என்பது இறுதியிலே வெளிப்படுகிறது. பூங்குழலி அவனை மணந்து அரசியாகிறாள். மதிப்புக்குரிய எளியவன் இறுதியில் எளியவனாக இருக்கக்கூடாது என்பது இங்கே எழுதாத விதியாகச் செயற்படுகிறது. இவ்விதியின் மறுபக்கத்தை ‘மோகினித் தீவு’ காட்டும். அங்கே சோழ இளவரசன் சிற்பியின் மாணாக்கனாக மதுரையில் வாழ்கிறான். ‘பார்த்திபன் கன’வில் இளவரசன் இரத்தின வியாபாரியாக வருகிறான். தொழில் என்பது அரசகுமாரர் சிலகாலம் தரித்துக் களையும் வேடமாகிவிடுகிறது. வேடத்தைக் களைய வழியற்ற உண்மையான சிற்பியின் கதையை எவரும் சொல்வதில்லை.

மேலும் ஒரு செய்தி உண்டு. ‘பொன்னியின் செல்வ’னில் கலங்கரை விளக்கக் காவற் குடும்பத்திற் பிறந்த மந்தாகினி சுந்தர சோழனாற் காதலிக்கப்பட்டவள், ஈழத்திற் சுற்றித் திரிபவள், அருள்மொழிவர்மனைக் காவிரி வெள்ளத்திலிருந்து காப்பாற்றியவள், முடிவில் மன்னனின் உயிரைக் காக்கத் தன்னுயிரைக் கொடுப்பவள். இத்தனை செய்யும் அவளுக்குப் பேச்சு இல்லை. அவளுடைய தங்கை வாணிக்கும் பேச்சு இல்லை. கதைப் பின்னலுக்கு இவ்வூமைத்தன்மை தேவைப்பட்டிருக்கலாம். ஆயினும் நூலின் அரசகுலத்து மகளிர் அனைவரும் சொல்வன்மை மிக்கவராய் இருக்க, வரலாற்றின் முடிச்சை அறிந்த எளிய குலத்துப் பெண்கள் இருவர் மாத்திரம் ஊமைகளாய் இருப்பது தற்செயலானதெனக் கொள்ளல் அரிது. ஆசிரியர் கருதாமலே நாவல் உண்மையொன்றைச் சொல்லிவிடுகிறது எனலாம்.

2

இனி, இக்கதைகள் செல்வதாகக் கூறும் காலத்தின் சான்றுகளை நோக்குவோம். முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரியகோயிற் சாசனங்கள், வரி நீக்கப்பட்ட நிலங்களைக் குறிக்குமிடத்து ஊர்நத்தத்தை மட்டுமன்றிக் கம்மாணச்சேரியையும் பறைச்சேரியையும் சுடுகாட்டையும் பெயர் கூறிச் செல்கின்றன. ஊரின் நிலம் சாதிவழி பிரிந்திருந்ததை அறிய இவை போதும். ஊதியமற்ற உழைப்பைக் குறிக்கும் ‘வெட்டி’ என்ற சொல் சோழர் சாசனங்களிற் பயின்று வருகிறது. தம்மையும் தம் குடும்பத்தாரையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டோர் பற்றிய சாசனங்களும் உள்ளன. சோழ மண்டலத்துக் கோயில்கள் பலவற்றிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும், அவர்கள் வந்த ஊர்களும், அவர்களுக்குரிய வீடுகளின் வரிசையும், ஆண்டொன்றுக்கு ஆளுக்கு 100 கலம் நெல் என்ற பங்கும் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய தமிழ்ப் பெண்கள் நானூறுவரின் பெயர்களை நாம் அறிவோம். அவர்களுள் ஒருத்தியின் வாயிலில் இறங்கும் காலப் பயணக் கதை எதனையும் நாம் படித்ததில்லை.

காதல் என்ற பொருளிலும் இம்முரண் தெரிகிறது. இப்புனைவுகளின் மையம், ஒருவன் ஒருத்தி எனத் தாமே தேர்ந்து கொள்ளும் காதல். அது நவீன காலத்தின் விழுமியம். சாதியையும் சீதனத்தையும் எதிர்த்து இன்றும் போராடிப் பெறவேண்டியிருப்பது. இராசராசனுக்குத் தேவியர் பலர் இருந்தமையைச் சாசனங்கள் தெரிவிக்கின்றன. அரசகுல மணங்கள் படைக்கூட்டுகளோடு பிணைந்தவை. ஆகவே நவீன வாசகன் தன் காலத்து வேட்கையைப் பெட்டியில் எடுத்துச்சென்று, அதைப் பழங்காலத்தில் வைத்துவிட்டு, பின்பு அங்கேயே கண்டெடுத்ததாக மகிழ்கிறான். இதன் விளைவு சிறிதன்று. காதல் விடுதலை இனிமேல் அடையவேண்டிய ஒன்று என்பது மறைந்து, முன்னோரிடம் இருந்து நாம் தொலைத்த ஒன்று என்ற மயக்கம் உண்டாகிறது. தொலைத்ததை நினைந்து ஏங்கலாம், அடையவேண்டியதற்கோ போராடவேண்டும்.

3

இவ்விடத்திலே கினிகத்தேனைக்கு வருவோம். கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கலை வழியாக ஹற்றனுக்கு ஏறும் நெடுஞ்சாலையில், மழை மிகுந்த மலைச்சரிவில் அமைந்த இவ்வூர் அம்பகமுவைப் பிரதேசத்தைச் சேர்ந்தது. அம்பகமுவையில் முதலாம் விஜயபாகு மன்னனின் கற்சாசனம் ஒன்று உண்டு. 993ஆம் ஆண்டளவில் தொடங்கி, 1017இல் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டதோடு முழுமையுற்ற சோழராட்சியை 1070இற் பொலன்னறுவையிலிருந்து நீக்கியவன் இவ்விஜயபாகு. ‘பொன்னியின் செல்வன்’ எந்த அரச குலத்தின் எழுச்சியைப் பாடுகிறதோ, அக்குலத்தின் ஈழ ஆட்சியை முடித்தவனின் சாசனம் நமது தேயிலை மலைகளிடையே கிடக்கிறது.

அச்சாசனம் சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகருக்கு மன்னன் செய்த உபகாரங்களைக் கூறுவது. பாதச்சுவட்டைச் சூழ்ந்த திடலுக்குக் கீழே, தாழ்ந்த சாதியினர் நின்று வழிபடுவதற்கென வேறொரு திடல் அமைக்கப்பட்ட செய்தியும் அதில் உண்டு. சோழரை வென்றவனது நாட்டிலும் மேல்திடல், கீழ்த்திடல் என்ற பிரிவு இருந்தது. தஞ்சையிற் சேரி, சிவனொளிபாதத்திற் கீழ்த்திடல். வென்றவர்க்கும் தோற்றவர்க்கும் இடையே இவ்விடயத்தில் வேற்றுமை இல்லை.

இனி, தேயிலைத் தோட்ட வாசகரின் நிலையை எண்ணிப் பார்ப்போம். அவருடைய முன்னோர் 19ஆம் நூற்றாண்டிற் பிரித்தானியரின் கோப்பித் தோட்டங்களுக்கும், 1869இற் பரவிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தவர்கள். தஞ்சை, திருச்சி, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து, அதாவது சோழரும் பாண்டியரும் ஆண்ட அதே மண்ணிலிருந்து, பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் துரத்த வந்தவர்கள். அவர்களுட் பெரும்பாலோர் சாசனங்கள் கூறும் சேரிகளின் வழித்தோன்றல்கள். நாவலில் வந்தியத்தேவன் பூங்குழலியின் படகிலே கோடிக்கரையிலிருந்து ஈழத்துக்குக் கடல் கடக்கிறான். அதே கடலைக் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வழியில் நோயுற்று மடிந்தோரின் பயணத்துக்கு அத்தகைய நாவல் வாய்க்கவில்லை.

‘பொன்னியின் செல்வன்’ வெளிவந்த ஆண்டுகளை மீண்டும் நினைவுகூர்வோம். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. அடுத்த ஆண்டில் அந்நாவல் தொடங்கியது. நாடில்லை என்று கூறப்பட்ட மக்களிடையே, தோட்டப் பாடசாலை ஆசிரியரின் வீட்டிலும் கணக்கப்பிள்ளையின் வீட்டிலும் கட்டித் தைக்கப்பட்ட தொடர்கதைப் பிரதிகளாக, ஒரு பெரும் நாடு வந்துசேர்ந்தது. அது கொடுத்த ஆறுதலை நாம் ஏளனம் செய்யோம். பகல் முழுதும் கொழுந்து பறித்தவளுக்கு இரவிற் குந்தவையாக இருக்க உரிமை உண்டு. ஆனால் அந்த ஆறுதலுக்கு அவள் கொடுத்த விலையையும் கணக்கிடவேண்டும்.

அவ்விலை இரு மடங்கானது. முதலாவது, தன் முன்னோரை அரண்மனையிலே தேடப் பழகியவர் அவர்கள் உண்மையில் வாழ்ந்த சேரியைத் தன் வரலாறாக ஏற்க நாணுகிறார். இரண்டாவது இன்னும் கொடியது. இந்நாட்டின் பேரினவாத நோக்கு, மலையகத் தொழிலாளியைச் சோழப் படையெடுப்பின் எச்சமாகப் பார்க்கும் இயல்பினது. பிரித்தானிய முதலாளியத்தின் கூலியாக வந்தவன் இராசேந்திரனின் படைவீரனாகக் கணிக்கப்படுகிறான். 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளில் லயங்கள் தாக்கப்பட்டபோது இந்தக் கற்பனைப் பகைமையும் உடன் நின்றது. தன்னைச் சோழ இளவரசனாகக் கனவு காணும் தமிழ் வாசகனும், அவனைச் சோழ ஆக்கிரமிப்பாளனாகக் காணும் பேரினவாதியும் ஒரே தவறான வமிசாவளியையே வாசிக்கின்றனர். ஒருவன் அதைப் பெருமையோடு வாசிக்கிறான். மற்றவன் வெறுப்போடு வாசிக்கிறான். உழைப்பாளியின் உண்மை வரலாறு இருவர் கண்ணுக்கும் தெரிவதில்லை.

வரலாறு இவ்விரு கதைகளினும் சிக்கலானது. பௌத்த சங்கம் ஈழத்து முடியை அருள்மொழிவர்மனுக்கு அளிக்க முன்வருவதாகவும், சோழர் விகாரைகளைப் புதுப்பிப்பதாகவும் நாவல் காட்டுகிறது. சூளவம்சமோ சோழப்படை விகாரைகளைக் கொள்ளையிட்டதைப் பதிவுசெய்கிறது. ஆனால் விஜயபாகு எடுப்பித்த தந்ததாது ஆலயத்தைக் காப்பதாக வேளைக்காரப் படையினர் உறுதியளிக்கும் தமிழ்ச் சாசனமும் அதே பொலன்னறுவையில் நிற்கிறது. தமிழ்ப் படையினர் பௌத்த ஆலயத்துக்குக் காவலராயிருந்த ஒரு காலத்தை இனப்போராகச் சுருக்குதல் இரு தரப்பாருக்கும் வசதியாக இருக்கலாம், உண்மையாகாது.

4

அப்படியாயின் காலப் பயணக் கதையையே விலக்கிவிடுவதா என்ற வினா எழும். அவசியமில்லை. உத்தி குற்றமுடையதன்று, அது கரைசேரும் இடமே ஆராயத்தக்கது. மார்க் ட்வெயின் 1889இல் எழுதிய ஆர்தர் மன்னன் கதையில் அரசவைக்குச் செல்பவன் ஆயுதத் தொழிற்சாலையொன்றின் மேற்பார்வையாளன். அவனோடு மாறுவேடத்திற் செல்லும் மன்னனே அடிமையாக விற்கப்படுகிறான். அரசன் வேடம் தரித்த எளியவன் என்ற மரபு அங்கே தலைகீழாகிறது. ஒக்டேவியா பட்லரின் ‘கிண்ட்ரெட்’ (1979) நமக்கு இன்னும் நெருக்கமானது. 1976ஆம் ஆண்டுக் கலிபோர்னியாவில் வாழும் கறுப்பினப் பெண்ணொருத்தி 19ஆம் நூற்றாண்டு மேரிலாந்தின் அடிமைத் தோட்டமொன்றுக்கு மீண்டும் மீண்டும் இழுக்கப்படுகிறாள். தன் மூதாதையருள் ஒருவன் அத்தோட்டத்து வெள்ளை எசமானின் மகன் என்பதை அவள் எதிர்கொள்ள நேர்கிறது. இறுதிப் பயணத்தில் அவள் தன் கையொன்றை இழந்தே திரும்புகிறாள். கடந்தகாலத்துக்குச் சென்று மீள்வோர் முழு உடலோடு மீளமுடியாது என்பது அந்நாவலின் உட்பொருள். தோட்டத்திற் பிறந்த வாசகருக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

தொலைவிற் செல்லாமல் நமது தோட்டங்களிலேயே வேறொரு மரபைக் காணலாம். மாசி, பங்குனிப் பருவத்திலே ஆடப்படும் காமன் கூத்தும் ஒரு காதற் கதையே. மன்மதன் எரிக்கப்படுகிறான், இரதி புலம்புகிறாள், அவன் மீண்டும் எழுகிறான். பொன்னர் சங்கர் கதையும் பழங்காலத்தைப் பற்றியதே. எனினும் கூத்திலே தொழிலாளி எங்கும் பயணம் செய்வதில்லை. பழங்காலம் லயத்து முற்றத்துக்கு வருகிறது. முந்திய நாள் மலையிற் கவ்வாத்து வெட்டியவனே மன்மதனாகிறான். விடிந்ததும் அவன் மீண்டும் பிரட்டுக்குச் செல்வான் என்பதைக் கூத்தைப் பார்ப்போர் எவரும் மறப்பதில்லை. தொடர்கதை வாசகனைத் தன் இடத்திலிருந்து பெயர்க்கிறது. கூத்து அவனைத் தன் இடத்தில் வைத்தே உயர்த்துகிறது.

நவீன மலையகப் புனைகதை இரண்டாவது வழியையே மேற்கொண்டது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964) கடல் கடந்து வந்தோரின் வாழ்வை நாவலுக்குரிய பொருளாக்கியது. தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ (1974) தோட்ட வாழ்வின் உள்முரண்களை எழுதியது. இவை கடந்தகாலத்தை அரண்மனையில் தேடவில்லை. 1970களில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது ஈழத்து எழுத்துக்கு வாசகர் பெருகினர். 1977இன் பின் அவை மீண்டும் பெருகி வந்தன. 2022, 2023ஆம் ஆண்டுகளில் மணிரத்தினம் ‘பொன்னியின் செல்வ’னை இரு பாகங்களாகத் திரைக்குக் கொண்டுவந்தார். கால ஓடம் புதிய பாய் விரித்து வந்தது. அதே வாயிலிலேயே இறக்கியது.

ஹங்கேரிய அறிஞர் ஜோர்ஜ் லூக்காச் தமது ‘வரலாற்று நாவல்’ என்னும் நூலில், கடந்தகாலத்தை நிகழ்காலத்தின் முன்வரலாறாக உணர்த்துவதே அவ்வகை நாவலின் பணி என்று கருதினார். வந்தியத்தேவன் அவர் விரும்பிய நடுத்தர நாயகனுக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டே. ஆனால் அத்தகைய நாயகன் மேலும் கீழும் சென்று ஒரு சமூகம் முழுவதையும் வாசகருக்குத் திறந்துகாட்ட வேண்டியவன். வந்தியத்தேவன் மேலே மட்டும் செல்கிறான்.

1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே எஞ்சியோருக்கும் பிரசாவுரிமை கிடைத்தது. உரிமையோடு வாழத் தொடங்கிய ஒரு சமூகத்துக்குத் தன் கடந்தகாலத்தைத் தானே எழுதும் கடமையும் உண்டு. அதற்கான சான்றுகள் அரிதானவையல்ல. தஞ்சைக் கல்லில் நானூறு பெயர்கள் உள்ளன. அம்பகமுவைக் கல்லிற் கீழ்த்திடல் உள்ளது. கினிகத்தேனையிலிருந்து சிவனொளிபாதத்தின் திசை நோக்கும் இளம் எழுத்தாளர் ஒருவர் காலம் கடந்த காதற்கதையொன்றை எழுத விரும்புவாராயின், அவருடைய பயணி அக்கீழ்த்திடலில் இறங்கட்டும். அங்கே அவள் காண்பவன் அரசகுமாரனாக இல்லாமலிருக்கட்டும். கதையின் முடிவிலும் அவன் அரசகுமாரனாக மாறாமலிருக்கட்டும். அவ்வாறான ஆக்கங்களைத் தோற்றுவிப்பதற்கு வேண்டிய சாசன அறிவையும் வாய்மொழி மரபுகளின் தொகுப்பையும் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நாம் அவர்கள் கையிற் சேர்ப்பித்தல் வேண்டும்.